கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு 46 வயது. தம்பலகாமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், சின்னவன் சிசேரியன். இரண்டு வருடமாக மாதவிடாய் நேரத்தில் கட்டி கட்டியாகப் போகிறது. எட்டு ஒன்பது நாளாகியும் நிற்பதில்லை. வகுப்பில் எழுந்து நிற்கவே பயமாக இருக்கிறது. திருகோணமலை வைத்தியசாலையில் ஸ்கான் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் பல கட்டிகள், பெரியது 7 சென்ரிமீற்றர், கர்ப்பப்பை 14 கிழமைக் கர்ப்பம் அளவுக்கு இருக்கிறதாம். இரத்தம் 8.4. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று வி.ஓ.ஜி. (பெண்நோயியல் விசேட வைத்தியர்) சொல்லி, இரண்டு மாதம் கழித்துத் திகதி தந்திருக்கிறார். "எடுத்தால் உடம்பு ஊதும், பெண்மை போய்விடும், பிறகு அண்ணன் திரும்பியும் பார்க்கமாட்டார்" என்கிறாள் மச்சாள். என் கணவர் கட்டாரில் இருக்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? கொழும்புக்குப் போய்க் கீஹோலில் (சிறு துளை வழியாக) செய்வது நல்லதா? எத்தனை நாள் ஓய்வு எடுக்க வேண்டும்? எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். இன்னொன்று: 71 வயதான என் அம்மாவுக்கு "அடி இறங்கி" இருக்கிறது. வெட்கத்தில் நாலு வருடம் மறைத்திருக்கிறார். அவருக்கும் ஒப்பரேஷன் தேவையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது அந்த 8.4இல்தான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. நீங்கள் 8.4 உடன் காலையில் சமைத்து, பஸ் பிடித்து, நாள் முழுக்க நின்று படிப்பிக்கிறீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் நெஞ்சு படபடக்கிறதா, தலைமயிர் கொட்டுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு வருடத்தில் உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

கட்டி விஷயத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருங்கள். உங்களுக்கு இருப்பவை பைப்ரொயிட் என்று நாங்கள் சொல்லும் தசைக் கட்டிகள். 50 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு இவை சிறிதோ பெரிதோ வந்துவிடும். பலருக்கு வந்ததே தெரியாது. அவை புற்றுநோயாக இருப்பது மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகு பொதுவாகத் தாமே சுருங்கும். ஆகவே இது இன்றைக்கோ நாளைக்கோ செய்தாக வேண்டிய ஒப்பரேஷன் இல்லை. குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தால் காத்திருக்க முடியாது. சூலகக் கட்டி முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத வயிற்று நோவும் வாந்தியுமாக ஒருவர் வந்தால் அதுவும் அவசரம்தான். உங்களுடையது அந்த வகையில் சேராது. கையில் இரண்டு மாதம் இருக்கிறது. அதை மச்சாளின் பேச்சைக் கேட்டுப் பயப்படுவதில் செலவழிக்காமல் மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் ஆலோசனை. முதலில் ஹீமோகுளோபினை உயர்த்துவது. அடுத்தது, கர்ப்பப்பையின் உட்தோலைப் பரிசோதிப்பது. மூன்றாவது, எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று கேட்டு அறிந்துகொள்வது.

இரத்தத்தில் இருந்து தொடங்குவோம். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை தந்திருப்பார்கள். நம் ஊரில் அது பாதிப் பேருக்கு வேலை செய்யாமல் போவதற்குத் தேத்தண்ணீர்தான் காரணம் என்று நான் சொல்வதுண்டு. குளிசையை விழுங்கிய கையோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணீர், கோப்பி, பால் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அது குளிசையால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் பலன் உண்டு. ஒழுங்காக எடுத்தால் ஒரு மாதத்தில் 1 முதல் 2 வரை ஏறும். ஏறவில்லை என்றால், அல்லது திகதி நெருங்கிவிட்டால், இரும்பை நாளத்தில் ஊசியாக ஏற்றும் வழி இருக்கிறது. பூச்சிக் குளிசை கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருந்தால் அதையும் சொல்ல மறக்க வேண்டாம். முருங்கையிலை, நெத்தலி, ஈரல், பயறு எல்லாம் நல்லதுதான். ஆனால் மாதாமாதம் இவ்வளவு இரத்தம் போகும்போது சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

போவதையும் குறைக்க வேண்டும். திறந்த குழாயை மூடாமல் தொட்டியை நிரப்ப முடியாதல்லவா? இரத்தம் படும் நாட்களில் மட்டும் எடுக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் குளிசை பலருக்கு நன்றாகக் கேட்கும். காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது. ஆகவே வைத்தியரிடம் கேட்காமல் பார்மசியில் வாங்க வேண்டாம். நோரெதிஸ்டெரோன் என்ற ஹோர்மோன் குளிசையும் உண்டு. கோயில் திருவிழாவுக்கு நாளைத் தள்ளிப்போட எங்கள் பெண்கள் வாங்கிப் போடுகிறார்களே, அதேதான். முறையாகக் கொடுத்தால் ஒப்பரேஷன் வரைக்கும் இரத்தப்போக்கைக் கட்டி வைக்கும். பெரிய கட்டிகளுக்கு, ஒப்பரேஷனுக்கு முன் சில மாதங்கள் ஊசி போட்டு மாதவிடாயை நிறுத்தி, கட்டியையும் சுருங்க வைப்பார்கள். இவற்றில் எது உங்களுக்குச் சரிவரும் என்பதை உங்களைப் பார்த்த வி.ஓ.ஜி.தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்க வேண்டியது நீங்கள். கிளினிக்கில் நூறு பேருக்கு நடுவில் அது விடுபட்டுப் போகலாம்.

உட்தோல் பரிசோதனைக்கு வருவோம். 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படி இரத்தம் போனால், கட்டிதான் காரணம் என்று ஸ்கான் சொன்னாலும், கர்ப்பப்பையின் உட்தோலில் ஒரு துளி எடுத்துச் சோதிக்க வேண்டும். கட்டி இருப்பதால் அங்கே வேறு வருத்தம் இருக்காது என்று சொல்ல முடியாது. கிளினிக்கிலேயே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி எடுக்கலாம். மாதவிடாய் நோவு மாதிரி ஒன்றிரண்டு நிமிடம் வலிக்கும். அப்படி முடியாவிட்டால் மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். நம் ஊரில் "கழுவுறது" என்று சொல்வது அதைத்தான். கழுவினால் வருத்தம் மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஒரு சோதனை. அந்த மாதம் கொஞ்சம் குறைந்தாலும் பைப்ரொயிட் அங்கேயேதான் இருக்கும். அதோடு கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையும் செய்திருக்க வேண்டும். 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்களே, போனீர்களா? போகவில்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். கிளினிக் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இலவசமாக நடக்கிறது. இந்த இரண்டு சோதனைகளிலும் பிழை ஏதும் தெரிந்தால் ஒப்பரேஷனின் வகையே மாறிவிடும். அதனால்தான் முன்பே செய்யச் சொல்கிறேன்.

சரி, எடுக்கத்தான் வேண்டுமா? வி.ஓ.ஜி. சொன்னது நியாயமான ஆலோசனை. பிள்ளைகள் போதும் என்றாகிவிட்டது, இரண்டு வருடமாக இரத்தம் வடிகிறது, கர்ப்பப்பையும் 14 கிழமை அளவு. ஆனால் வேறு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹோர்மோன் உள்ள லூப் ஒன்று இருக்கிறது, மிரீனா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறிய கட்டிகளுக்கு அருமையானது. கர்ப்பப்பையின் உட்புறம் நெளிந்துபோயிருந்தால் வெளியே வந்து விழுந்துவிடலாம். உங்கள் கட்டிகள் உள்ளே எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று ஸ்கான் றிப்போட்டைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விடும் ஒப்பரேஷன் இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குப் பொருத்தம். அதிலும் இரத்தம் போகும், விட்டுப்போன சிறு கட்டிகள் வளரவும் கூடும். இன்னொரு வழி, குளிசையோடு சமாளித்து மாதவிடாய் நிற்கும் வரை காத்திருப்பது. 50ஐ ஒட்டித்தான் பெரும்பாலானவர்களுக்கு நிற்கிறது. நாலைந்து வருடம் இருக்கலாம். இரத்தம் 11, 12இல் நின்றால் அதுவும் மோசமான தெரிவு இல்லை. ஒரு மாதம் குளிசை எடுத்தும் 9ஐத் தாண்டவில்லை என்றால் ஒப்பரேஷன் பக்கம்தான் நான் சாய்வேன்.

செய்வதென்று முடிவெடுத்தால், "கர்ப்பப்பையை எடுக்கிறோம்" என்ற ஒரு வசனத்துக்குள் பல ஒப்பரேஷன்கள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தோடு சேர்த்து முழுவதையும் எடுக்கலாம். கழுத்தை விட்டுவிட்டு மேலே மட்டும் எடுக்கலாம். கழுத்தை விட்டால் பாப் பரிசோதனையைத் தொடர வேண்டும். கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள குழாய்களையும் சேர்த்து எடுப்பது இப்போது வழக்கம். சூலகப் புற்றுநோயில் ஒரு பெரும் பங்கு உண்மையில் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று தெரியவந்திருக்கிறது. குழாயை எடுப்பதால் ஹோர்மோனுக்கு ஒன்றும் ஆகாது.

சூலகங்களின் கதை வேறு. இதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. மச்சாளின் பயத்தில் கொஞ்சமாவது உண்மை இருக்கிறதென்றால் அது இங்கேதான். கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிடாய் மட்டும் நிற்கும். சூலகம் உள்ளே இருக்கும் வரை ஹோர்மோன் வந்துகொண்டுதான் இருக்கும், சிலருக்கு ஓரிரு வருடம் முந்தி ஓயலாம் என்பதைத் தவிர. சூலகம் இரண்டையும் எடுத்தால் மறுநாளே உடம்பு மாதவிடாய் நின்ற நிலைக்கு விழும். திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடிப்பது, தூக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி, போகப் போக எலும்பு தேய்வது, இதய நோய் எல்லாம் அதைத் தொடர்ந்து வரக்கூடியவை. "இனி அது எதற்கு, சேர்த்தே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் நோயாளிகள் இருக்கிறார்கள். 46 வயதில், சூலகம் நன்றாக இருந்து, தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ மார்பு, சூலகப் புற்றுநோய் இல்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது. அப்படிக் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கணக்கு மாறும். "என்னுடைய சூலகத்தை எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா, எடுப்பதென்றால் ஏன்?" வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

கீஹோலா, வயிற்றைக் கீறியா? கீஹோலில் நோவு குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம், அது உண்மை. ஆனால் சலப்பைக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் காயம் படும் வாய்ப்பு அதில் சற்று அதிகம். செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது அது. 14 கிழமைக் கர்ப்பப்பையைச் சிறு துளையால் வெளியே எடுக்க அதை உள்ளேயே துண்டு துண்டாக்க வேண்டி வரலாம். கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் உள்ளே இருந்தால் அப்படித் துண்டாக்குவது அதைப் பரப்பிவிடும் என்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அரிதான ஆபத்துத்தான், இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது. கீழ்வழியாக எடுப்பதுதான் உடம்புக்கு எல்லாவற்றிலும் இலகு. உங்கள் அளவுக்கு, அதுவும் சிசேரியன் செய்த வயிற்றுக்கு, அது சரிவருமா என்பது கையால் பார்த்துத்தான் தெரியும். என் ஊகம், பழைய சிசேரியன் தழும்பிலேயே கீறி எடுப்பார்கள் என்பதுதான்.

அதற்காகக் கடன்பட்டுக் கொழும்புக்கு ஓட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். பைப்ரொயிட்டுக்குக் கர்ப்பப்பை எடுப்பது மாவட்டப் பொது வைத்தியசாலையில் வழமையாக நடக்கும் ஒப்பரேஷன், செலவும் இல்லை. எங்கே செய்தாலும் அதன் பிறகு வரும் கிழமைகள் முக்கியம். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வயிற்றுத் தையலோடு வாகனத்தில் குலுங்கிக்கொண்டு வந்து, இரவில் காய்ச்சல் வந்தால், நீங்கள் போகப்போவது திருகோணமலை வைத்தியசாலைக்குத்தான். கொழும்பில் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. உட்தோல் சோதனையில் புற்றுநோய் என்று வந்தால் அது வேறு கதை. அப்போது மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் மறுபேச்சில்லாமல் போங்கள்.

ஆபத்துகளை மறைக்காமல் சொல்கிறேன். வயிற்றைக் கீறிக் கர்ப்பப்பை எடுப்பதற்கு பிரித்தானியாவின் ரோயல் மகப்பேறு, பெண்நோயியல் கல்லூரி 2009இல் தன் வைத்தியர்களுக்குக் கொடுத்த கணக்கு இது: பாரதூரமான சிக்கல் ஏதாவது ஒன்று வருவது 100 பேரில் சுமார் 4 பேருக்கு. இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்கு இரத்தப்போக்கு 1000 பேரில் 23 பேருக்கு. சலப்பை அல்லது சிறுநீர்க்குழாய் காயப்படுவது 1000இல் 7. கால் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் உறைவது 1000இல் 4. குடல் காயம் 10,000இல் 4. ஆறு கிழமைக்குள் உயிரிழப்பு ஒரு இலட்சத்தில் 32. இவை எல்லோரையும் சேர்த்த கணக்கு. உங்கள் பக்கத்தில் இரண்டு விஷயம் இதைக் கூட்டும். சிசேரியனால் சலப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்தப் பழைய டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்றது அந்த 8.4. இதே அளவு இரத்தம் போனாலும் 11 உள்ளவர் தாங்கிக்கொள்வார். உங்களுக்கு வேறொருவரின் இரத்தம் ஏற்ற வேண்டி வரும். நான் குளிசையைப் பற்றி இவ்வளவு நீட்டியதன் காரணம் இப்போது புரியும்.

ஒப்பரேஷனுக்கு முந்தைய நாட்களில் எங்கள் பெண்களை உண்மையில் வாட்டுவது இந்தக் கணக்குகள் எதுவுமே இல்லை, தாலி. விடுதியில் நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். மின்சாரத்தால் இரத்தக்குழாயைச் சுடும் கருவி பாவிப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தொலைந்துவிடும் பயமும் உண்டு. வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். உலோகம் இல்லாத கயிறுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி சரியாகக் காட்டாது. எந்த நேரத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, எது வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று விடுதியில் சொல்வார்கள்; "ஒரு வாய் தேத்தண்ணீர்தானே" என்று குடித்துவிட்டு மறைக்க வேண்டாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். சீனிக்கோ பிரஷருக்கோ எடுக்கும் குளிசைகள், அஸ்பிரின், நாட்டு மருந்து எல்லாவற்றையும் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒப்பரேஷனுக்கு விறைக்கச் செய்ய முதுகில் போடும் ஊசியால் வாழ்நாள் முழுக்க இடுப்பு நோவு வரும் என்று ஒரு கதை உலாவுகிறது. சில நாள் ஊசி போட்ட இடம் நோகலாம், சிலருக்குத் தலையிடி வரலாம். வாழ்நாள் நோவுக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை.

சம்மதப் படிவத்தில் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். கணவர் கட்டாரில் இருப்பதால் ஒன்றும் தடைப்படாது. அவருக்கு விஷயத்தை முழுதாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான். படிவம் எந்த மொழியில் இருந்தாலும், வைத்தியர் எந்த மொழியில் பேசினாலும், தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விடுதியில் தமிழ் தெரிந்த மிஸ் (தாதி) ஒருவராவது இருப்பார். தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

அடுத்தது மச்சாள். சூலகம் இருந்தால் உடம்பு ஊதக் காரணம் இல்லை. ஒப்பரேஷன் செய்தவர்கள் சிலர் குண்டாவது உண்மைதான். மாதக்கணக்கில் நடமாடவிடாமல் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தால் யார்தான் குண்டாகமாட்டார்கள்? தாம்பத்தியமும் முடிந்துபோகாது. உள் தையல் ஆற ஆறு கிழமை பொறுக்க வேண்டும், பிறகு தடையில்லை. இரத்தப் பயமும் நோவும் போனதால் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். "எடுத்த இடம் வெறுமையாகக் கிடக்குமா?" என்று என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் உண்டு. கிடக்காது, குடல் இறங்கி அந்த இடத்தை நிரப்பிவிடும். மனதில் ஒரு சோர்வு வரலாம், சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். சில கிழமையில் தெளியாவிட்டால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஓய்வு. வயிற்றைக் கீறினால் வைத்தியசாலையில் மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை. சலம் போக வைத்த குழாயைப் பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே கட்டிலை விட்டு எழுப்பி நடக்க வைப்பார்கள். கொடுமை என்று நினைக்க வேண்டாம், காலில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான். இருமும்போது சின்னத் தலையணையால் வயிற்றை அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் சில கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படலாம். குந்தும் கழிவறையால் தையல் பிரியாது. ஆனால் முதல் இரண்டு கிழமை எழும்புவது பெரும்பாடு. கொமட் கதிரை ஒன்று இரவல் கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. நாலைந்து கிலோவுக்கு மேல் எல்லாமே பாரம்தான். நிறைந்த குடம் 12, 15 கிலோ வரும். கிணற்றில் வாளி இழுப்பது அதைவிட மோசம், வயிற்றுத் தசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். எனவே ஒப்பரேஷன் திகதி வருமுன்பே வீட்டில் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசுங்கள்: தண்ணீர் யார் அள்ளுவது, காஸ் சிலிண்டரை யார் மாற்றுவது, அரிசிச் சாக்கை யார் இறக்குவது. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் கை இருக்கிறது. சின்ன மோட்டர் ஒன்று பூட்ட வசதியிருந்தால் கட்டாரிலிருந்து வரும் காசில் இந்த வருடம் அதைச் செய்வது நல்லது. நடை, இலேசான சமையல், உட்கார்ந்து கொப்பி திருத்துவது எல்லாம் இரண்டு மூன்று கிழமையில் தொடங்கலாம். வகுப்பில் நின்று படிப்பிக்க ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். மருத்துவச் சான்றிதழை விடுதியை விட்டு வரும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்கூட்டி ஓடுவதென்றால், நோவில்லாமல் சடுதியாக பிரேக் பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். கன்னியா வெந்நீரும் நிலாவெளிக் கடலும் காயம் முழுதாக ஆறும் வரை காத்திருக்கட்டும். வீட்டில் முழுகுவதற்குத் தடையில்லை, காயத்தை ஒற்றித் துடைத்து உலர வைத்தால் போதும்.

பத்தியம் என்று சொல்லி மீன், இறால், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி என்று நிறுத்தி, வெறும் சோறும் மிளகு இரசமும் மட்டும் தருவார்கள். காயம் ஆறுவதற்கு வேண்டியது புரதமும் பழமும். உங்களுக்கு ஏற்கெனவே ஒவ்வாத சாப்பாடு இருந்தால் அதை மட்டும் விடுங்கள். மீன் சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், பப்பாசி சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். மலச்சிக்கல் வந்து முக்கினால்தான் தையலுக்குக் கேடு.

எப்போது திரும்ப ஓடிவர வேண்டும்? ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் நனையும் அளவுக்கு இரத்தம், காய்ச்சல், நாற்றமான வெள்ளை, காயம் சிவந்து சீழ் வடிதல், வயிறு வீங்கி வாந்தி, சலம் போகாமை, அல்லது நினைக்காமலே சலம் வடிந்துகொண்டிருத்தல். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு நொந்தால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

இன்னொன்று, பலர் கைவிட்டுவிடும் விஷயம். எடுத்த கர்ப்பப்பையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில கிழமை ஆகும். காயம் ஆறியது, இரத்தம் நின்றது, இனி எதற்கு கிளினிக் என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். றிப்போட் ஒரு கோப்புக்குள் கிடக்கும். கட்டி வெறும் கட்டிதான் என்பதை உறுதிப்படுத்தும் தாள் அதுதான். கையில் வாங்கி, ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அம்மாவுக்கு வருவோம். பிரசவங்களில் தளர்ந்த தசை வயதாக ஆகத் தாங்க முடியாமல் கர்ப்பப்பை கீழே இறங்குவதுதான் இது. உயிருக்கு ஆபத்தான வருத்தம் இல்லை. ஆனால் 71 வயதில் அந்த இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், உரசிப் புண்ணாகியிருந்தாலும் உடனே காட்ட வேண்டும். சலம் முழுதாகப் போகிறதா, அடிக்கடி சலத்தில் எரிச்சல் வருகிறதா என்று கேளுங்கள். நாலு வருடம் மறைத்தவர் அதையும் சொல்லியிருக்கமாட்டார்.

எடுத்த எடுப்பில் ஒப்பரேஷன் இல்லை. ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. கிளினிக்கில் சில நிமிடத்தில் உள்ளே வைத்து இறக்கத்தைத் தாங்கவிடலாம். சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல அம்மாமார் வருடக்கணக்கில் அதனோடு நிம்மதியாக இருக்கிறார்கள். ரிங் நிற்கவில்லை, அல்லது அம்மாவுக்கே பிடிக்கவில்லை என்றால் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுத்துச் சுவரை இறுக்கித் தைப்பார்கள். வயிற்றில் கீறல் இல்லாததால் வயதானவர்களும் தாங்குவார்கள். திரும்பவும் இறங்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சீனி, பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் அவற்றை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தைத்ததெல்லாம் வீண்.

உங்கள் அடுத்த கிளினிக் நாளுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் வைத்தியர் ஒருவர் பார்க்க முடியுமா என்று மிஸ்ஸிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் மிஸ் பக்கத்தில் நிற்கத்தான் பரிசோதிப்பார்கள். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஒப்பரேஷன் செய்ய வேண்டாம். உங்களுடையது முதலில், அம்மாவுக்கு அதுவரை ரிங்.